ஐம்பதாயிரம் கோடி தினார்: 1993 டிசம்பரின் யுகோஸ்லாவிய நோட்டு

யுகோஸ்லாவிய தேசிய வங்கி 1993 டிசம்பர் மாதப் பிற்பாதியில் வெளியிட்ட 500,000,000,000 தினார் நோட்டு, அந்நாட்டுப் பண வரலாற்றிலேயே மிகப் பெரிய முகமதிப்பைக் கொண்டது. ஐந்துக்குப் பின் பதினொரு பூஜ்யங்கள். நம் கணக்கில் ஐம்பதாயிரம் கோடி. உலக நோட்டுச் சேகரிப்பாளர்கள் கையாளும் பிக் பட்டியலில் யுகோஸ்லாவியப் பகுதியில் இதன் எண் 137. ஐரோப்பாவில் கம்யூனிச ஆட்சிகள் சரிந்தபின் அச்சான நோட்டுகளுள் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுபவற்றில் இதுவும் ஒன்று. பூஜ்யங்களின் வியப்புக்காகவே பெரும்பாலோர் இதை வாங்குகிறார்கள். ஆனால் ஓர் அரசு தன் குடிமக்களின் சேமிப்பையும் சம்பளத்தையும் எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதற்கு இது நேரடிச் சான்று. அதன் உண்மையான மதிப்பு அந்தச் சான்றில்தான் இருக்கிறது.

நோட்டின் முன்பக்கத்தில் இருப்பவர் செர்பியக் கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாய். 1833இல் நோவி சாத் நகரில் பிறந்தவர், தொழிலால் மருத்துவர். 1864இல் அவர் தொடங்கிய ‘ஸ்மாய்’ என்ற நையாண்டிப் பத்திரிகையின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1880இல் ‘நேவென்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். செர்பிய மொழி பேசும் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அவருடைய பாட்டுகளைச் சொல்லித்தான் வளர்கிறார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் காசநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து பிறந்தவை அவருடைய பிற்காலக் கவிதைகள். அறிவியலாளர் நிகோலா தெஸ்லா அமெரிக்காவில் இருந்தபோது ஸ்மாயின் கவிதைகள் சிலவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றார். தெஸ்லாவின் படமும் இதே ஆண்டின் நோட்டுகளில் வருகிறது.

பின்பக்கத்தில் பெல்கிரேடிலுள்ள செர்பியத் தேசிய நூலகம். வ்ராச்சார் பகுதியிலுள்ள இந்தக் கட்டடம் 1973 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அந்தத் தேதி காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1941இல் அதே நாளில் ஜெர்மானிய விமானங்கள் பெல்கிரேடின் மீது குண்டு வீசியபோது பழைய நூலகம் பல லட்சம் நூல்களோடும் இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளோடும் எரிந்துபோயிருந்தது. நோட்டின் எழுத்துகள் சிரிலிக், இலத்தீன் ஆகிய இரண்டு வரிவடிவங்களிலும் உள்ளன. வண்ணம் செவ்வூதா. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் எதுவும் தெரியாது. கட்டம் கட்டமான நீர்க்குறி மட்டுமே தெரியும். அவசர காலத்து நோட்டுக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இத்தனை நெருக்கடியிலும் ஓவியம் கவனமாக வரையப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அச்சிட்டது பெல்கிரேடின் தோப்ச்சிதேர் பகுதியிலுள்ள அரசு நாணய அச்சகம். 1920களின் இறுதியில், மன்னராட்சிக் காலத்தில் கட்டப்பட்டது.

இந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, நான்கைந்து ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். 1989இலேயே சோஷலிச யுகோஸ்லாவியாவில் விலைகள் கட்டுக்கடங்காமல் ஏறின. அந்த ஆண்டு 20 லட்சம் தினார் நோட்டு வெளிவந்தது. பிரதமர் ஆன்தே மார்கோவிச் 1990 ஜனவரி 1 முதல் நான்கு பூஜ்யங்களை வெட்டி, ஏழு புதிய தினாருக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று மதிப்பை நிலைநிறுத்தினார். சில மாதங்களில் விலையேற்றம் ஏறத்தாழ நின்றே போனது. அதே ஜனவரியில் கம்யூனிஸ்ட் லீக்கின் பேராயம் பிளவுபட்டு முடிந்தது. குடியரசுகளில் பலகட்சித் தேர்தல்கள் நடந்தன. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் செர்பியக் குடியரசின் தலைமை, கூட்டாட்சிக்குத் தெரியாமல், தேசிய வங்கி அமைப்பின் வழியாக நூறு கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள தினாரைத் தனக்குத் தானே கடனாக உருவாக்கிக்கொண்டது. 1991 ஜனவரியில் இது வெளியே தெரிந்தபோது மார்கோவிச்சின் திட்டம் உயிரிழந்தது. பிற குடியரசுகளுக்கு இனி ஒரே பணம் சாத்தியமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி தேவைப்படவில்லை. ஸ்லோவேனியா 1991 அக்டோபரில் தோலார் என்ற தன் பணத்தை வெளியிட்டது. குரோவேஷியா டிசம்பரில் தனி தினாரை வெளியிட்டது.

செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் மட்டும் சேர்ந்து 1992 ஏப்ரல் 27 அன்று யுகோஸ்லாவியக் கூட்டாட்சிக் குடியரசை அமைத்தன. அதற்குள் போர் மூண்டிருந்தது. குரோவேஷியாவிலும் போஸ்னியாவிலும் செர்பியப் படைகளின் செலவு, ராணுவத்தின் சம்பளம், வேலையே நடக்காத ஆலைகளின் தொழிலாளர் ஊதியம், விவசாயக் கொள்முதல், ஓய்வூதியம் எல்லாம் ஒரே கருவூலத்தின் தலையில் விழுந்தன. வரி வருவாயோ சரிந்துகொண்டிருந்தது. பழைய சந்தைகள் எல்லைகளுக்கு அப்பால் போய்விட்டன. நாட்டின் உற்பத்தி இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. இடைவெளியை நிரப்ப மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது.

பணம் அச்சிடுவதும் ஒரு வகை வரிதான். புதிய நோட்டை முதலில் செலவழிப்பவருக்குப் பழைய விலையில் பொருள் கிடைக்கிறது. அந்த நோட்டு கைமாறிக் கடைசியில் ஓய்வூதியரிடம் வந்து சேரும்போது விலை ஏறிவிட்டிருக்கிறது. முதல் செலவாளி அரசு; இழப்பு மற்றவர்களுக்கு. ஆனால் இந்த வரி தன்னைத் தானே தின்றுவிடும். தினாரைக் கையில் வைத்திருக்க யாரும் விரும்பாதபோது அது வேகமாகக் கைமாறுகிறது, விலை மேலும் ஏறுகிறது, அதே அளவு பொருளைப் பெற அரசு மேலும் அச்சிட வேண்டியிருக்கிறது. வழக்கமான வரிகளும் பயனற்றுப் போகின்றன. சென்ற மாத வியாபாரத்துக்கான வரியை இந்த மாதம் செலுத்தினால் அதற்கு ஒரு ரொட்டி கூட வராது. பற்றாக்குறை பெருகுகிறது, அச்சு இயந்திரம் இன்னும் வேகமெடுக்கிறது. 1993இன் இறுதியில் யுகோஸ்லாவியா இந்தச் சுழலின் அடிமட்டத்தில் இருந்தது.

பூஜ்யங்கள் சேர்ந்த வேகத்தைத் தேதிகளே காட்டுகின்றன. 1992 ஜூலை 1 அன்று ஒரு பூஜ்யம் நீக்கப்பட்டது. அந்தத் தினாரில் ஓராண்டு கழிந்ததும் தெஸ்லாவின் படத்தோடு 1,000 கோடி தினார் நோட்டு வந்துவிட்டது. 1993 அக்டோபர் 1 அன்று ஆறு பூஜ்யங்கள் வெட்டப்பட்டன. பத்து லட்சம் பழைய தினாருக்கு ஒரு புதிய தினார். இதை அக்டோபர் தினார் என்பார்கள். இந்தத் தினாரில் 5,000 முதல் பத்து நோட்டுகள் மூன்றே மாதங்களில் அடுத்தடுத்து வெளிவந்தன. 5,000இல் தெஸ்லா, 10,000இல் மொழிச் சீர்திருத்தக்காரர் வூக் கராஜிச், 50,000இல் மாண்டிநீக்ரோவின் கவிஞரும் ஆட்சியாளருமான நியேகோஷ், 5 லட்சத்தில் அறிவொளிக் கால எழுத்தாளர் தோசிதேய் ஒப்ராதோவிச், 50 லட்சத்தில் துருக்கியருக்கு எதிரான எழுச்சியின் தலைவர் கராஜார்ஜே. 5 கோடியில் இயற்பியலாளர் மிஹாய்லோ புபின், 50 கோடியில் புவியியலாளர் யோவான் ச்வியிச், 500 கோடியில் கவிஞரும் ஓவியருமான ஜூரா யாக்ஷிச், 5,000 கோடியில் இளவரசர் மிலோஷ் ஒப்ரெனோவிச். பத்தாவதாக ஸ்மாய். முதல் நோட்டுக்கும் பத்தாவது நோட்டுக்கும் இடையே பத்துக் கோடி மடங்கு வேறுபாடு. ஒரு நாடு தன் எழுத்தாளர்கள், அறிஞர்கள், வீரர்கள் அனைவரையும் ஒரே காலாண்டில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் கீழும் முந்தையவரைவிட மதிப்பற்ற தாளை அச்சிட்டது. கல்வியையும் மொழியையும் போற்றிய இந்த மனிதர்கள் இதற்கு உரியவர்கள் அல்லர்.

ஸ்மாய் நோட்டு புழக்கத்துக்கு வந்த நாள்களில், டிசம்பர் இறுதியில், கறுப்புச் சந்தையில் அதற்கு ஏறத்தாழ அரை மார்க்தான் கிடைத்தது. 1994 ஜனவரி 1 அன்று மீண்டும் ஒன்பது பூஜ்யங்கள் வெட்டப்பட்டதும், வெளிவந்து சில நாள்களே ஆன நோட்டு 500 தினாராகச் சுருங்கியது. ஜனவரி 24 அன்று நோவி தினார் என்ற புதிய பணம் வந்தபோது அதற்கு ஈடாக 1994ஆம் ஆண்டு தினார் சுமார் 1.3 கோடி தேவைப்பட்டது. நோவி தினார் ஒன்று, ஜெர்மன் மார்க் ஒன்று. அப்படியானால் ஒரே ஒரு மார்க் பெற ஸ்மாய் நோட்டுகள் 26,000 வேண்டும். புத்தம்புதிய நோட்டு தாளின் விலைகூடப் பெறாத நிலைக்குப் போக ஐந்து வாரங்கள் பிடித்தன.

அந்த ஜனவரியில் மட்டும் விலைகள் 31 கோடி சதவீதத்துக்கு மேல் ஏறின என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதாவது மாதத் தொடக்கத்தில் ஒரு தினாருக்கு விற்ற பொருள் மாத இறுதியில் முப்பது லட்சம் தினாருக்கு மேல். விலை இரட்டிக்க ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. உலக வரலாற்றில் இதைவிட வேகமான பணவீக்கங்கள் இரண்டுதான் பதிவாகியுள்ளன: 1946 ஜூலையில் ஹங்கேரி, 2008 நவம்பரில் ஜிம்பாப்வே.

புள்ளிவிவரம் ஒருபுறம் இருக்க, வாழ்க்கை எப்படி நடந்தது என்பதே கனமான பகுதி. பெல்கிரேடின் தெருமுனைகளில் அந்நியச் செலாவணித் தரகர்கள் நின்று, கடந்துபோகிறவர்களின் காதில் ‘தேவிசே, தேவிசே’ என்று முணுமுணுத்தார்கள். சம்பளம் வாங்கியவர் வீட்டுக்குப் போகாமல் அவர்களிடம் ஓடினார். மாலைக்குள் மார்க்காக மாற்றாவிட்டால் மறுநாள் அதில் பாதி இருக்காது. அரசு விலைக்கட்டுப்பாடு விதித்தபோதெல்லாம் கடை அலமாரிகள் காலியாயின. நஷ்டத்தில் விற்க உற்பத்தியாளர் எவரும் முன்வரவில்லை. பெட்ரோல் சாலையோரத்தில் பிளாஸ்டிக் புட்டிகளில் விற்றது. காசோலை எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் ஒரு சிறு சலுகை இருந்தது: அது வங்கியில் கணக்கேறிப் பணமாக நாள்கள் ஆகும், அதற்குள் அவர் உண்மையில் செலுத்தும் தொகை சில்லறையாகிவிடும். கடைக்காரர்களும் இதை விரைவில் புரிந்துகொண்டு காசோலையை மறுக்கத் தொடங்கினர். ஓய்வூதியர்களுக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. ஒரு மாத ஓய்வூதியம் சில மார்க்குகளாக இறங்கியபோது, உழைத்த ஆண்டுகள் அனைத்தையும் அரசிடம் ஒப்படைத்திருந்தவர்கள் அவர்கள்தாம். கிராமத்தில் நிலமுள்ள உறவினர் இருந்த குடும்பங்கள் அவர்கள் அனுப்பிய உருளைக்கிழங்கிலும் மாவிலும் பிழைத்தன.

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த மார்க்குகளைத் தலையணைக்கடியில் வைத்திருந்தவர்களிடமிருந்தும் அந்தப் பணத்தை வெளியே இழுக்க வழி கண்டுபிடிக்கப்பட்டது. தஃபிமென்ட் வங்கி, யுகோஸ்காந்திக் என்ற இரண்டு தனியார் நிறுவனங்கள் அந்நியச் செலாவணி வைப்புகளுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டிய வட்டி தருவதாக அறிவித்தன. புதிதாக வந்தவரின் பணத்தைக் கொண்டு பழையவருக்கு வட்டி கொடுக்கும் முறை. 1993இல் இரண்டும் சரிந்தன. 1992இல் ஸ்வேதி ஸ்தெஃபானிலும் பெல்கிரேடிலும் பாபி ஃபிஷருக்கும் போரிஸ் ஸ்பாஸ்கிக்கும் இடையே நடந்த மறு சதுரங்கப் போட்டிக்கு 50 லட்சம் டாலர் பரிசு தந்தவர் யுகோஸ்காந்திக்கின் உரிமையாளர்தான். சதுரங்க ஆர்வலர்கள் இன்றும் ஆட்டம் ஆட்டமாக அலசும் அந்தப் போட்டியின் பின்னணியில் இந்தச் சேமிப்பாளர்களின் கதை இருக்கிறது.

இந்தப் பேரழிவுக்குப் பொருளாதாரத் தடைகளே காரணம் என்று அன்றைய ஆட்சி சொன்னது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1992 மே 30 அன்று 757ஆம் தீர்மானத்தின் மூலம் தடை விதித்ததும், 1993 ஏப்ரலில் அதை இறுக்கியதும் உண்மை. தடைகள் மருந்துக்கும் எரிபொருளுக்கும் ஏற்படுத்திய தட்டுப்பாடும் உண்மை. ஆனால் மிகைப்பணவீக்கத்தை அந்தத் தடைகளின் கணக்கில் எழுத முடியாது. பெல்கிரேடு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் பாவ்லே பெட்ரோவிச்சும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு, மாத விலையேற்றம் 50 சதவீதத்தைக் கடந்ததை 1992 பிப்ரவரியில் வைக்கிறது. அது தடைகளுக்கு மூன்று மாதம் முந்தையது. முடிவும் இதையே சொல்கிறது: 1994 ஜனவரி இறுதியில் விலையேற்றம் நின்றபோது தடைகள் அப்படியேதான் இருந்தன, 1995 நவம்பரில் போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்பாட்டுக்குப் பிறகே அவை நிறுத்திவைக்கப்பட்டன. தடைகள் வருமுன் தொடங்கி, தடைகள் இருக்கும்போதே முடிந்த ஒன்றுக்குத் தடைகள் வேர்க்காரணமாக இருக்க இயலாது. அச்சகத்துக்கு ஆணையிட்டவர்களே பொறுப்பு. மிலாஜான் திங்கிச் என்ற இளம் பொருளாதார அறிஞர் 1995இல் வெளியிட்ட ‘அழிவின் பொருளாதாரம்’ என்ற பொருள்படும் நூல் இந்தக் குற்றச்சாட்டை விரிவாக முன்வைத்தது. அன்றைய ஆட்சியின் தலைவர் மிலோஷெவிச் வீழ்ந்தபின் 2000இல் திங்கிச்சே தேசிய வங்கியின் ஆளுநரானார்.

இந்த விலையேற்றத்தை நிறுத்தியவர் திராகோஸ்லாவ் அவ்ராமோவிச். 1919இல் ஸ்கோப்யேவில் பிறந்தவர்; உலக வங்கியில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்தவர். எழுபத்தைந்தை நெருங்கும் வயதில் அவர் வகுத்த திட்டம் எளிமையானது. புதிய தினாருக்கும் மார்க்குக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பு, கையிருப்புள்ள பொன்னும் செலாவணியும் தாங்கும் அளவுக்கே நோட்டு, பற்றாக்குறைக்காக அச்சிடுவதற்குத் தடை. பிப்ரவரியில் விலையேற்றம் இல்லை. மக்கள் அவரைத் ‘தேகா அவ்ராம்’, அதாவது அவ்ராம் தாத்தா என்று அழைத்தனர். அந்த மார்ச்சில் அவர் மத்திய வங்கி ஆளுநரானார். அரசு மெல்ல மெல்லப் பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. 1995 நவம்பரில் ஒரு மார்க்குக்கு 3.3 தினார் என்று மதிப்புக் குறைக்கப்பட்டது. 1996 மே மாதம் அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஆனாலும் பதினொரு பூஜ்ய நோட்டுகளின் காலம் திரும்பவில்லை.

அக்காலத்தில் கம்யூனிச ஆட்சியிலிருந்து விலகிய நாடுகள் பலவும் பெருந்தொகை நோட்டுகளை வெளியிட்டன. போலந்தின் 20 லட்சம் ஸ்வோத்தி நோட்டு 1992இல் வந்தது. அதன் முதல் அச்சில் ஒரு சொல்லின் எழுத்து விடுபட்டதால் அந்தப் பிழைப் பதிப்பைச் சேகரிப்பாளர்கள் தனியே தேடுகிறார்கள். உக்ரைன் 1995இல் பத்து லட்சம் கார்போவானெத்ஸ் நோட்டை வெளியிட்டு, 1996 செப்டம்பரில் ஐந்து பூஜ்யங்களை வெட்டி ஹிரிவ்னியாவுக்கு மாறியது. பல்கேரியா 1997இல் 50,000 லெவா வரை போனது. அந்த நாடுகளில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும், சோவியத் காலச் சந்தைகள் மறைந்ததும், வங்கிகள் முறிந்ததும் காரணங்கள். யுகோஸ்லாவியாவில் சீர்திருத்தம் 1990இல் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் போர்ச் செலவு வந்து அமர்ந்தது. எண்களின் அளவு வேறுபடுவதற்கு அதுவே விளக்கம்.

சேகரிப்பாளருக்கு இந்த நோட்டு எளிதில் கிட்டக்கூடியது. மிகுதியாக அச்சிடப்பட்டதாலும், புழக்கத்தில் இருந்த நாள்கள் குறைவு என்பதாலும் மடிப்பே விழாத பிரதிகள் ஏராளமாக எஞ்சியுள்ளன. பெல்கிரேடின் க்னேஸ் மிஹாய்லோவா தெருவிலும் கலேமெக்தான் கோட்டை வாசலிலும் நினைவுப்பொருள் விற்பவர்களிடம் இது இன்றும் கிடைக்கும். அதே வரிசையின் மற்ற ஒன்பது நோட்டுகளைவிட இதன் விலை கூடுதல். அதற்கு அரிதான தன்மையைவிட பூஜ்யங்களே காரணம். தொடர் எண்ணின் முன்னெழுத்து ‘இசட் ஏ’ என்றிருந்தால் அது அச்சில் பழுதான தாளுக்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டது. இவை குறைவு, விலையும் அதிகம். புகழ் கூடக்கூட நகல்களும் கூடியிருக்கின்றன. பொன்னிறத் தகட்டில் அச்சடித்து விற்கப்படுபவை வெறும் அலங்காரப் பொருள்கள். தாள் நகல்களை அடையாளம் காண நீர்க்குறியைப் பார்ப்பதே முதல் சோதனை: உண்மை நோட்டில் கட்டங்கள் தாளுக்குள்ளேயே இருக்கும், நகலில் மேலே அச்சிட்டிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

வாங்க நினைப்பவர் 500,000,000,000 நோட்டை மட்டும் தனியே வாங்காமல், அக்டோபர் 1993 வரிசையின் பத்து நோட்டுகளையும் சேர்த்துத் தேடுவது நல்லது; மொத்தச் செலவு பெரிதாக ஏறாது. தெஸ்லாவில் தொடங்கி ஸ்மாயில் முடியும்படி அடுக்கி, ஓரத்தில் மூன்று தேதிகளை எழுதி வையுங்கள்: 1993 அக்டோபர் 1, 1994 ஜனவரி 1, 1994 ஜனவரி 24.